பாலை வழித்துணை

சித்திரை மாதத்து நடுப்பகலில் திருமயம் கோட்டைமேல் ஏறுகிறவனை ஊரார் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். நான் ஏறியது அப்படிப்பட்ட ஒரு பகலில்தான். கிழவன் சேதுபதி 1687ஆம் ஆண்டில் எழுப்பிய கோட்டை அது. ஏழு சுற்று மதில்கள் இருந்தனவாம். இன்று நான்குதான் மிச்சம். உச்சியில் பீரங்கி மேடையருகே நின்று பார்த்தேன். நாற்புறமும் செம்மண், பாறை, முட்செடி. தெற்கே காரைக்குடிக்குப் போகும் சாலை வெயிலில் நெளிந்து கிடந்தது. அந்தச் சாலையின் நடுவில் தளதளவென்று தண்ணீர்!

கானல் என்று தெரியும். தெரிந்தும் வறண்ட நாக்கு ஒரு கணம் ஏமாந்துபோயிற்று. கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியோ பாதி வழியிலேயே காலி.

இந்தக் கானலுக்குப் பழந்தமிழில் ‘பேய்த்தேர்’ என்று ஒரு பெயர் உண்டு. திருமயத்தின் பழைய பெயரோ திருமெய்யம். மெய்யின் உச்சியில் நின்றுகொண்டு ஒரு பெரிய பொய்யைப் பார்த்தேன் என்று நினைத்தபோது, தாகத்திலும் சிரிப்பு வந்தது.

தமிழ்நாட்டில் பாலைவனம் ஏது என்று நீங்கள் கேட்கலாம். மணல் மேடும் ஒட்டகமும் நமக்கு இல்லைதான். ஆனால் நம் முன்னோர் பாலையைத் தனி நிலமாகவே கருதவில்லை. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் தம் இயல்பு கெட்டு எடுக்கும் கோலமே பாலை என்கிறது சிலப்பதிகாரம். மழை பொய்த்தால் எந்த ஊரும் பாலையாகலாம் என்பதுதானே இதன் பொருள்? வானம் பார்த்த புதுக்கோட்டைச் சீமைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பாலையை மனிதர்கள் எப்படிக் கடந்தார்கள்? விடை தேட வெகுதூரம் போக வேண்டாம். இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், திருமயத்துக்கு வடமேற்கே கொடும்பாளூர் இருக்கிறது. புகாரிலிருந்து உறையூர் வழியாக மதுரைக்கு நடந்த கோவலனுக்கும் கண்ணகிக்கும் கவுந்தியடிகளுக்கும் எதிர்ப்பட்ட மாங்காட்டு மறையோன், அந்த ஊர்க் குளத்தருகே பாதை சிவபெருமானுடைய சூலம்போல மூன்றாகப் பிரியும் என்று சொல்கிறான். எந்த வழியில் என்ன மரம், என்ன மலை, எங்கே என்ன ஆபத்து என்று அவன் விவரிப்பதைப் படித்தால், கையில் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு பேசுகிறானோ என்று தோன்றும். காட்டில் மயக்கும் தெய்வம் ஒன்று உண்டு என்றும் எச்சரிக்கிறான்.

அந்த எச்சரிக்கை வீண் போகவில்லை. நடுவழியில் கோவலன் தண்ணீர் தேடி ஒரு பொய்கைக் கரைக்குப் போகிறான். அங்கே மாதவியின் தோழி வயந்தமாலையின் உருவத்தில் அந்தத் தெய்வம் வந்து அழுகிறது. தாகத்தால் களைத்தவன் கண்ணுக்கு முன்னே அவன் மனத்தில் இருப்பதே வந்து நிற்கிறது! பேய்த்தேரின் வேலையும் இதுதானே? மறையோன் சொன்னது நினைவுக்கு வரவே கோவலன் மந்திரத்தைச் சொல்லித் தப்புகிறான். பிறகு தாமரை இலையில் தண்ணீர் முகந்துகொண்டு மனைவியிடம் திரும்புகிறான். பின்னால் கண்ணகிக்கு வெயில் தாங்காது என்று, நிலவொளியில் இரவிலே நடக்கிறார்கள். வழி அறிந்தவன் சொல்லைக் கேள். வெயிலோடு போட்டி போடாதே. கிடைத்த தண்ணீரைக் கூட வந்தவர்களுக்கும் கொண்டு போ. பாலைப் பிரயாணத்தின் சாஸ்திரம் முழுவதும் இவ்வளவுதான்.

உப்பு விற்ற உமணர்களுக்கும் இது தெரிந்திருந்தது. அவர்கள் தனியாகப் போகவில்லை; வண்டி வண்டியாகக் கூட்டமாகப் போனார்கள். நடுக்காட்டில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றையும் கட்டிக்கொண்டு போனார்கள்.

உப்பு என்றதும் இன்னொரு யாத்திரிகனின் ஞாபகம் வருகிறது. மொராக்கோ நாட்டு இபின் பதூதா 1340களில் மதுரைக்கு வந்தவன். மதுரை சுல்தான் கியாசுத்தீனுக்குச் சகலை முறை. அதே மனிதன் 1352இல் உண்மையான பாலைவனமாகிய சகாராவைக் கடந்தான். வழியில் தகாசா என்ற ஊரில் வீடுகளையே உப்புக் கட்டிகளால் கட்டியிருந்தார்களாம். ஆனால் அவன் எழுதியதில் என் மனத்தைத் தொட்டது வேறொன்று. வணிகர் கூட்டம் பாலைக்குள் இறங்கியதும் ‘தக்ஷிஃப்’ என்னும் தூதன் ஒருவனைத் தனியாக முன்னே அனுப்புவார்கள். அவன் வலாட்டா என்ற ஊரை அடைந்து கடிதங்களைச் சேர்ப்பான். அங்குள்ளவர்கள் நாலு நாள் பயண தூரம் தண்ணீர் சுமந்துகொண்டு எதிரே வருவார்கள். வழியில் அந்தத் தூதன் மாண்டால் சேதி போய்ச் சேராது. பின்னால் வரும் கூட்டமும் அநேகமாக மாண்டுபோகும்.

நம் நாட்டில் அந்தத் தூதனுக்கு வேலை இல்லாமல் செய்தார்கள் என்பது என் எண்ணம். யார் வருவார், எப்போது வருவார் என்று தெரியாமலே தண்ணீரை முன்கூட்டி வைத்தார்கள். சேதுவுக்கு நடந்தவர்களுக்காகச் சேதுபதிகளும் தஞ்சை மராட்டிய மன்னர்களும் சத்திரங்கள் கட்டினார்கள். ஊருக்கு ஊர் ஊருணி வெட்டினார்கள். தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டவை அவற்றில் பல. சொந்தத் துக்கத்தை முகம் அறியாத வழிப்போக்கனின் சுகமாக மாற்றிய மனிதர்கள்!

கோட்டையை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்தேன். திண்ணையிலிருந்த மூதாட்டி ஒருவர், நான் கேட்காமலே செம்பை நீட்டினார்.

“ஒக்காந்து குடிங்கய்யா. மடமடன்னு குடிச்சிராதீங்க. இந்த வெயில்லயா மலை ஏறுவாக?”

பானைத் தண்ணீர். அதன் குளிர்ச்சியை எழுத எனக்குத் தெரியாது.

“ஊருணித் தண்ணியா பாட்டி?” என்றேன்.

“அதெல்லாம் அந்தக் காலம். இப்ப குழாயிலதான் வருது, வந்தா.”

அந்த ‘வந்தா’ என்ற சொல் என்னோடு பஸ் நிலையம் வரை வந்தது. இன்று தாகமெடுத்தால் புட்டி வாங்குகிறோம். காசு உள்ளவனுக்குப் பாலை இல்லை. இல்லாதவனுக்கு எல்லா ஊரும் பாலை. சுமைதாங்கிகள் சாலையை அகலப்படுத்தும்போது சாய்கின்றன. ஊருணிகள் தூர்ந்துபோகின்றன. முன்னே போய்த் தண்ணீர் சொல்லும் தூதன் நம் காலத்தில் யார்?

திருமயத்திலேயே அதற்கும் ஒரு விடை இருக்கிறது. 1887இல் இந்த ஊரில் பிறந்த ஒரு பிள்ளை, பிற்காலத்தில் சென்னை நகரத்தின் மேயரானார். அந்த நகரத்தின் தாகம் தீரப் பூண்டி நீர்த்தேக்கத்துக்காகப் பாடுபட்டார். 1940இல் வேலை தொடங்கியது, 1944இல் முடிந்தது. ஆனால் தீரர் சத்தியமூர்த்தி 1943லேயே காலமாகிவிட்டார். அந்த ஏரி நிறைந்ததை அவர் பார்க்கவில்லை. இன்று சத்தியமூர்த்தி சாகரம் என்று அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

வறண்ட ஊரில் பிறந்தவருக்குத்தான் தண்ணீரின் அருமை தெரியும் போலும். தாம் குடிக்கப்போவதில்லை என்று தெரியாமலே அவர் முன்னே போய்ச் சொல்லிவிட்டுப் போனார். பின்னால் வந்த கூட்டம் பிழைத்தது.