நீ சூன் காட்டுப் பல்லி

லயத்து வீட்டில் நாம் பேசிக்கொண்டிருக்கையில் சுவர்ப்பல்லி குரல் கொடுத்தால், "பல்லி சொல்கிறது, காரியம் பலிக்கும்" என்கிறோம். சிங்கப்பூரில் நம்மவர் கூடும் சிராங்கூன் சாலையிலும் தேக்காவிலும் கடைச் சுவர்களில் சுவர்ப்பல்லிகளைக் காணலாம். ஆனால் அந்த நகரத்தில் வேறொரு பல்லியும் உண்டு. அது காட்டைவிட்டு வெளியே வருவதில்லை. அதற்கு அறிவியல் பெயர் கிடைத்ததே 2012ஆம் ஆண்டில்தான். அதன் வரலாற்றை இன்று காண்போம்.

1819இல் ஆங்கிலேயர் துறைமுகம் அமைத்தபோது சிங்கப்பூர்த் தீவின் பெரும்பகுதி காடாக இருந்தது. பின்னர் மிளகுக்காகவும், தோல் பதனிட உதவும் காம்பியர் செடிக்காகவும் காடுகள் அழிந்தன. காம்பியர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். அதற்கும் காட்டு மரங்களையே வெட்டினார்கள். 1877இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் பூந்தோட்டத்திற்கு வந்தன. பிறகு ரப்பரும் அன்னாசியும் நிலத்தைப் பிடித்தன. அவ்விரு தொழில்களிலும் பெரும் செல்வரான லிம் நீ சூன் என்பவரின் பெயரே தீவின் வடபகுதியில் ஓர் ஊருக்கும், அதை அடுத்த சதுப்புக் காட்டுக்கும் நிலைத்தது.

இத்தனை அழிவிலும் தீவின் நடுவில் மட்டும் காடு எப்படித் தப்பியது? தண்ணீர்தான் காரணம். 1868இல் அங்கு முதல் நீர்த்தேக்கம் கட்டி முடிந்தது. மலைச்சரிவில் மரத்தை வெட்டினால் மண் கரைந்து ஓடையில் சேரும் என்பது தோட்டத்தில் வாழும் நமக்குத் தெரியும். நகரத்தின் குடிநீருக்காக நீர்த்தேக்கங்களைச் சுற்றிக் காட்டை விட்டுவைத்தார்கள். 1951இல் இயற்கைக் காப்பகச் சட்டமும் வந்தது.

நீ சூன் காட்டில் வாழும் பல்லியை நெடுங்காலமாக மலாயாவின் நான்கு கோட்டுப் பல்லி என்றே எண்ணியிருந்தனர். லீ கிரிஸ்மர், பெரி உட், கெல்வின் லிம் ஆகிய மூவரும் நுணுகி ஒப்பிட்டுப் பார்த்து, அது தனி இனம் என 2012இல் அறிவித்தனர். சிங்கப்பூரிலும் அருகிலுள்ள ரியாவ் தீவுகளிலும் அது வாழ்கிறது. சுவர்ப்பல்லியின் விரலடியில் ஒட்டிக்கொள்ளும் தகடுகள் உண்டு; இதற்கோ வளைந்த மெல்லிய விரல்களும் நகங்களுமே உள்ளன. இரவில் இரை தேடும் இந்தப் பல்லிக்கு 'மஜூலா' என்று பெயரிட்டனர். சிங்கப்பூர் நாட்டுப்பண்ணில் வரும் மலாய்ச் சொல் அது. 'முன்னேறுக' என்பது பொருள்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வேறு இடத்திலும் ஏராளமாக வாழும் பல்லி என்று எண்ணும்வரை, இங்கே அது அழிந்தால் கவலைப்படுவோர் குறைவு. தனி இனம் என்று தெரிந்த பிறகு, அதன் காடு போனால் அதுவும் போய்விடும் என்பது விளங்குகிறது. சிங்கப்பூரில் எஞ்சியிருக்கும் ஆதி நன்னீர்ச் சதுப்புக் காடு நீ சூன் ஒன்றுதான். அதையும் உள்ளடக்கிய நடுக் காப்பகத்தின் அடியில் ரயில் பாதை அமைக்கும் திட்டம் 2013இல் வந்தபோது, இயற்கை ஆர்வலர்கள் காப்பகத்தைச் சுற்றிப் போகும் வழியைக் கேட்டனர். 2019இல் பாதை காப்பகத்தின் கீழேயே செல்லும் என முடிவாயிற்று. ஆனால் காட்டுக்குத் தீங்கு குறையும்படி ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில்.

தண்ணீருக்காகக் காத்த காடு, பெயர் தெரியாத ஓர் உயிரையும் சேர்த்துக் காத்திருக்கிறது. நம் தோட்டத்து ஓடைக்கரைப் புதரிலும் நாம் இன்னும் அறியாத உயிர்கள் இருக்கலாம். அந்தப் புதரை வெட்டக் கத்தியை எடுக்குமுன் இந்தப் பல்லியைச் சற்று நினைப்போம்.