பாண் கிடைக்காத குளிர்காலம்

சாப்பிட்டு எழும்பியதும் வயிறு ஊதினால் நம்மில் பலருக்கு ஒரே பதில்தான்: "கேஸ்ட்ரிக்". ஒரு மாத்திரையைப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். ஆனால் காரணங்கள் பல. பாலிலுள்ள லக்டோஸ் சமிக்காமல் இருக்கலாம். இரைப்பையில் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பக்டீரியா இருக்கலாம். பித்தப்பையில் கல் இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கண்டுகொள்ள ஒரு பஞ்சம் உதவியது. அந்த வரலாறுதான் இது.

1888இல் லண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ ஒரு நோயை விவரித்தார். பிள்ளைகளுக்கு வயிறு வீங்கும், வயிற்றோட்டம் நிற்காது, உடல் மெலியும். பலர் இறந்தனர். இதுதான் சீலியாக் நோய். குணமாவதானால் உணவினால்தான் குணமாகும் என்றார் ஜீ. எந்த உணவு என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

1924இல் நியூயோர்க் வைத்தியர் சிட்னி ஹாஸ் இப்பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுத்தார். பாணையும் பிஸ்கட்டையும் நிறுத்தினார். பிள்ளைகள் தேறினார்கள். புகழ் வாழைப்பழத்துக்குப் போனது. கொடுத்ததைப் பார்த்தார்கள், நிறுத்தியதைப் பார்க்கவில்லை.

அடுத்த கட்டம் நெதர்லாந்தில். நம் பாடப்புத்தகத்தில் வரும் ஒல்லாந்தரின் நாடுதான். 1944 செப்டெம்பரில் அங்கு ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பதிலடியாக ஜெர்மன் படை நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதைத் தடுத்தது. மக்கள் டியூலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். சுமார் 20,000 பேர் இறந்தனர்.

ஹேக் நகரில் வில்லெம் டிக்கே என்ற சிறுவர் வைத்தியர் இருந்தார். பாணை நிறுத்தினால் தன் பிள்ளைக்குச் சுகமாகிறது என்று ஒரு தாய் சொன்னதைக் கேட்டு, 1930களிலேயே கோதுமை மீது சந்தேகம் கொண்டவர். அந்தப் பசிக் காலத்தில் ஊரே மெலிந்தபோது சீலியாக் பிள்ளைகள் தேறுவதைக் கண்டார். பாண் திரும்பக் கிடைத்ததும் நோயும் திரும்பியது.

அவர் அதோடு நிற்கவில்லை. சகாக்களுடன் சேர்ந்து, கோதுமை கொடுத்தும் நிறுத்தியும் பிள்ளைகளின் மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளந்தார். 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். 1952இல் பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள் கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதமே காரணம் என்று காட்டினர். இந்நோய் உள்ளவர்களுக்குக் குளூட்டன் போனால், நோயெதிர்ப்புத் தொகுதி சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது.

இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து பாணையும் பராட்டாவையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலானோருக்குக் கோதுமை மாவால் இந்த நோய் வராது. சந்தேகம் இருந்தால் முதலில் வைத்தியரிடம் போங்கள். கோதுமையை முன்கூட்டியே நிறுத்திவிட்டால் இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமலே போகலாம்.

வீட்டில் பிள்ளை "இதைச் சாப்பிட்டால்தான் வயிறு வலிக்குது" என்று திரும்பத் திரும்பச் சொன்னால், சாட்டு என்று தள்ளாமல் எதைச் சாப்பிட்டது, எப்போது வலித்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். டிக்கேயின் சந்தேகமும் ஒரு தாயின் சொல்லைக் காதில் வாங்கியதில் தொடங்கியதுதான்.