ஸ்கோலினுக்கு முன் ஒரு கேள்வி

தியாகதுருகத்தில் பிறந்து, கள்ளக்குறிச்சி, சேலம் வட்டாரத்து ஆபரேஷன் தியேட்டர்களில் மயக்க மருந்து டாக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். "காலையில ஏதாவது சாப்டீங்களா? பல் ஆடுதா?" என்று கேட்ட கையோடு நோயாளியிடம் இன்னொன்றும் கேட்போம்: "நீங்க ஆரிய வைசியரா?" ஆபரேஷனுக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள்.

சம்பந்தம் ஸ்கோலினில் இருக்கிறது. 1951 வாக்கில் மயக்கவியலுக்கு வந்த சக்சினில்கோலினைத் தியேட்டரில் அப்படித்தான் சொல்வோம். ஊசி ஏறியதும் இமை துடிக்கும். துடிப்பு தோள், விரல், கால் என்று ஓடி அடங்கும். பிறகு ஒரு தசையும் அசையாது. மூச்சுக்குழாய் போட அதுதான் நேரம். ரத்தத்தில் உள்ள ஒரு நொதி மருந்தைச் சிதைப்பதால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பிவிடும். அந்த நொதி பிறவியிலேயே வேலை செய்யாதவருக்கு அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. மணிக்கணக்கில் செயற்கை மூச்சு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெண்டிலேட்டர் இல்லாத நர்சிங் ஹோமில் ஒருவர் மாற்றி ஒருவர் பையை அமுக்கியபடி விடிய விடிய நிற்பதுதான் வழி.

1957இல் டொரன்டோவின் வெர்னர் காலோ இந்தக் குறையை ரத்தப் பரிசோதனையில் பிடிக்க வழி கண்டார். ஆளுக்கேற்ற மருந்து என்று இன்று பேசுகிறோமே, அது வேர்விட்ட இடங்களில் இதுவும் ஒன்று. நம் பக்கம் அந்தப் பரிசோதனைக்கு வசதி ஏது? வைசியரிடம் இந்தக் குறை அதிகம் என்று சீனியர் ஜூனியருக்குச் சொன்ன எச்சரிக்கைதான் எங்கள் பரிசோதனை.

2006இல் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஆர். பூபதி குழு வைசியரிடம் காரணத்தைக் கண்டுபிடித்தது: நொதியின் 307ஆம் இடத்தில் லூசினுக்குப் பதில் புரோலின். 2017இல் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு நிறுவனத்தின் தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் முதலியோர் தெற்காசியாவின் 260க்கு மேற்பட்ட குழுக்களின் மரபணுத் தரவைக் கணினியில் ஒப்பிட்டார்கள். சிறு கூட்டமாக இருந்த முன்னோரின் மரபணு, தங்களுக்குள்ளேயே மணம் முடித்ததால் பல குழுக்களில் அப்படியே தங்கிவிட்டிருந்தது. மற்றவர்களைவிட வைசியரிடம் இந்தக் குறை சுமார் 100 மடங்கு அதிகம் என்றது அந்த ஆய்வு.

வைசியரிலும் பெரும்பாலோருக்கு இந்தக் குறை இல்லை. பிற சமூகத்தவர் சிலருக்கு உண்டு. சாதியைக் கேட்பது வேறு வழியில்லாத காலத்தின் ஏற்பாடு. தனி ஆளின் மரபணுவையே படிக்க முடிகிற இன்று அதை விட்டுவிட வேண்டும் என்பேன். கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்களும் தங்களுக்குள் மணம் முடிப்பவர்கள்தான். அவர்கள் மரபணுவைப் படிக்காமல் எந்த மருந்து அவர்களுக்கு ஆகாது என்று சொல்ல முடியாது. 10,000 பேரின் மரபணுவைப் படித்த ஜீனோம் இந்தியா தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது; அதன் பலன் அந்த மலையில் உள்ள வெள்ளிமலை வரை ஏற வேண்டும்.

மூச்சு தாமதித்தவர்களின் டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஸ்கோலின் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி, உடன்பிறந்தவர்களையும் எச்சரிக்கச் சொல்வோம். சீட்டு தொலைந்துபோகும். இப்போது 14 இலக்க ஆபா (ABHA) சுகாதாரக் கணக்கு எண் இருக்கிறது. அந்த இரண்டு சொற்களை அதில் ஏற்றுங்கள். நோயாளி சம்மதித்தால் எந்தத் தியேட்டரிலும் திறக்கட்டும். கல்யாணத் தரகருக்கும் இன்சூரன்ஸ்காரருக்கும் மட்டும் திறக்கவே கூடாது.