மார்க்சியப் பொருளாதாரம்: மேடைகள் சொல்வதும் மார்க்ஸ் சொன்னதும்

2024 நாடாளுமன்றத் தேர்தல் பிரச்சாரத்தை நாம் எளிதில் மறந்துவிட முடியாது. ஏப்ரல் 21 அன்று ராஜஸ்தானின் பன்ஸ்வாராவில் பேசிய பிரதமர் மோடி, காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தால் மக்களின் சொத்தைக் கணக்கெடுத்து, ஊடுருவல்காரர்களுக்கும் அதிகப் பிள்ளைகள் பெறுபவர்களுக்கும் பங்கிட்டுவிடும் என்றார். பெண்களின் தாலியைக்கூட விட்டுவைக்காத நகர்ப்புற நக்சல் சிந்தனை இது என்றும் குற்றம் சாட்டினார். காங்கிரஸ் தேர்தல் அறிக்கையில் அப்படியொரு திட்டமே இல்லை. ஆனாலும் ஒரே பேச்சில் முஸ்லிம்கள் மீதும் கம்யூனிசத்தின் மீதும் அச்சம் விதைக்கப்பட்டது.

அடுத்தவர் வீட்டு நகையைப் பறித்துப் பங்கிடுவதுதான் மார்க்சியமா?

மார்க்ஸ் சொன்னது என்ன?

கார்ல் மார்க்ஸும் எங்கெல்ஸும் 1848-இல் கம்யூனிஸ்ட் அறிக்கையை வெளியிட்டனர். 'மூலதனம்' நூலின் முதல் பாகம் 1867-இல் வந்தது. மார்க்ஸ் எதிர்த்தது உற்பத்திச் சாதனங்களான ஆலை, இயந்திரம், நிலம் ஆகியவை சிலரின் தனியுடைமையாக இருப்பதை. குடியிருக்கும் வீடும் உடுத்தும் உடையும் அணியும் நகையும் அவர் பேசிய சொத்து அல்ல.

ஒரு செருப்புத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். தொழிலாளி எட்டு மணி நேரம் உழைக்கிறார். அவர் கூலிக்கு ஈடான மதிப்பு முதல் சில மணி நேரத்திலேயே உருவாகிவிடுகிறது. மீதி நேர உழைப்பின் மதிப்பு முதலாளிக்குச் செல்கிறது. இதையே மார்க்ஸ் 'உபரி மதிப்பு' என்றார். உற்பத்தி யார் கையில் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, பங்கீட்டை மட்டும் பெரிதாகப் பேசுவது தவறு என்று 1875-இல் தம் சொந்தத் தோழர்களையே அவர் விமர்சித்தார்.

வரி விதித்தால் மார்க்சியமா?

அதே தேர்தலில் வாரிசு வரி பற்றிய பேச்சு எழுந்ததும், அதற்கும் கம்யூனிச முத்திரை குத்தப்பட்டது. வாரிசுரிமையை ஒழிப்பது கம்யூனிஸ்ட் அறிக்கையின் பத்து அம்சங்களில் ஒன்று என்பது உண்மை. ஆனால் வரி வேறு, ஒழிப்பு வேறு. முதலாளித்துவ நாடான ஜப்பானில் வாரிசு வரி அதிகபட்சம் 55 சதவீதம். பிரிட்டனில் 40 சதவீதம். இந்தியாவிலும் 1953 முதல் 1985 வரை எஸ்டேட் வரி இருந்தது. 1957-இல் வந்த செல்வ வரி 2015-இல்தான் நீக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் மத்தியில் எந்தக் கம்யூனிஸ்ட் கட்சியும் ஆட்சி நடத்தவில்லை.

2024 நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வும், தனியார் சொத்து ஒவ்வொன்றையும் சமூகத்தின் பொது வளமாகக் கருத முடியாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது.

இஸ்லாம் எங்கே நிற்கிறது?

நம்மிடமும் இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. ஜகாத் இருப்பதால் இஸ்லாமும் ஒருவகைக் கம்யூனிசமே என்பது ஒன்று. மார்க்சியம் என்றால் கடவுள் மறுப்பு மட்டுமே, அதன் பொருளாதாரத்தை அறியத் தேவையில்லை என்பது மற்றொன்று.

இஸ்லாம் தனிச்சொத்தையும் வியாபாரத்தையும் அனுமதிக்கிறது. வட்டியைத் தடை செய்கிறது. வாரிசுரிமையை ஒழிக்காமல், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைத் திருக்குர்ஆனே வரையறுக்கிறது (4:11, 12). சொத்தின் உண்மையான உரிமையாளன் அல்லாஹ். மனிதன் பொறுப்பாளன் மட்டுமே. எனவே மார்க்ஸுடன் நமக்கு அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. அதே வேளையில், செல்வம் பணக்காரர்களுக்குள்ளேயே சுற்றக் கூடாது என்ற கவலை குர்ஆனிலேயே இருக்கிறது (59:7). நிஸாபை எட்டி, ஓராண்டு கையிருப்பில் உள்ள செல்வத்தில் 2.5 சதவீதம் ஏழைகளின் உரிமை. அது செல்வந்தர் இடும் பிச்சை அல்ல.

ஒரு கொள்கையை ஏற்காதவர்களும் அதைப் பற்றி உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது இறைக்கட்டளை (5:8). நம்மைப் பற்றிய பொய்களால் காயப்படும் நாம், பிறரைப் பற்றிய பொய்களையும் விசாரிக்காமல் பரப்பக் கூடாது. அடுத்த தேர்தலில் இதே பேச்சு வாட்ஸ்அப்பில் வரும்போது, வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்வோம்.