பொருத்தம் என்பது சமம் அன்று



ஒலிபெருக்கியின் பின்புறத்தில் 4, 8, 16 என்னும் எண்களுள் ஒன்று ஓம் என்னும் அலகோடு பொறிக்கப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். ஒலியைச் சுமந்துவரும் மின்னோட்டம் இடைவிடாது திசைமாறி ஓடுவது. அத்தகைய ஓட்டத்துக்கு ஒலிபெருக்கியின் கம்பிச்சுருள் காட்டும் எதிர்ப்பையே அவ்வெண் குறிக்கின்றது. தடங்கல் என்பது அதன் பெயர். மின்குறிக்கு வலுவூட்டி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவியை இங்குப் பெருக்கி என்போம். பெருக்கிக்கும் ஒலிபெருக்கிக்கும் பொருத்தம் வேண்டும் என்பர். பொருத்தமாவது யாது? இருபுறத்துத் தடங்கலும் சமமாயிருத்தல் என்பதே பலர் கூறும் விடை. அவ்விடை எங்கிருந்து வந்தது, எத்துணை உண்மையுடையது என்பதை வரலாறு தெளிவாக்கும்.

உருசிய நாட்டிற் பணியாற்றிய ஜெர்மானியப் பொறியியலாளர் மொரிட்ஸ் யாக்கோபி, 1840ஆம் ஆண்டையொட்டி ஒரு விதியைக் கண்டார். மின்கல அடுக்கினுள்ளேயே ஒரு தடை உண்டு. அத்தடை மாறாதிருக்க, வெளியே இணைக்கும் கருவியின் தடை அதற்குச் சமமாகும்போது கருவிக்கு மிகக்கூடிய வலு கிடைக்கும். ஆனால், அப்போது பிறக்கும் வலுவிற் பாதி அடுக்கினுள்ளேயே வெப்பமாகி வீணாகும்.

பின்வந்தோர் இவ்விதியைத் தவறாகப் படித்தனர். எந்த மின்பிறப்பாக்கியும் பாதிக்கு மேற் பயன் தரமாட்டாது என்று முடிவு கட்டினர். அமெரிக்காவில் 1880ஆம் ஆண்டை அண்டி எடிசனும் அவருடைய கணித வல்லுநர் பிரான்சிஸ் அப்டனும் இம்முடிவைத் தகர்த்தனர். வெளிக்கருவியின் தடை குறிப்பிட்ட ஓர் அளவினதாயின், பொறியின் அகத்தடையை இயன்றமட்டும் குறைப்பதே அறிவுடைமை என்று கொண்டு, அவ்வாறே பொறியமைத்தனர். பயன் பாதியளவை வெகுவாகத் தாண்டிற்று.

ஆயினும், சமத்துவக் கொள்கைக்கும் உரிய இடம் ஒன்று உண்டு. நெடுந்தொலைவு செல்லும் தொலைபேசிக் கம்பியில் வந்துசேரும் வலு மிகச் சிறிது. கம்பியின் தடங்கலும் முனைக் கருவியின் தடங்கலும் ஒவ்வாவிடின், குறியின் ஒரு பகுதி எதிரொலிபோலத் திரும்பிவிடும். ஆதலால் அங்கே சமம் வேண்டப்பட்டது. தடங்கலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 1886இல் ஆக்கிய ஒலிவர் ஹெவிசைட் என்பாரும் தந்திக் கம்பிகளை ஆராய்ந்தவரே.

1925இல் அமெரிக்கரான றைஸ், கெலொக் என்னும் இருவர், அசையும் சுருளுடைய ஒலிபெருக்கியைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். காகிதக் கூம்போடு கூடி அதிரவேண்டிய சுருள் பாரமற்றதாயிருத்தல் வேண்டும். ஆகவே சுற்றுக்கள் சில. தடங்கலும் சில ஓம் மாத்திரமே. பெருக்கியிலுள்ள வால்வோ ஆயிரக்கணக்கான ஓமை நாடுவது. இவ்விரண்டையும் இணைத்து வைத்தது வெளியீட்டு மின்மாற்றி என்னும் டிரான்ஸ்போமர். அதன் சுற்றுக்களின் விகிதம் 25க்கு 1 ஆயின், தடங்கல் 25இன் வர்க்கமாகிய 625 மடங்கு பெருகித் தோன்றும். 8 ஓம் ஒலிபெருக்கி வால்வின் கண்ணுக்கு 5,000 ஓமாகத் தெரியும்.

இங்கும் நாடப்பட்டது சமத்துவம் அன்று. மூன்று மின்வாய்கள் கொண்ட வால்வுக்கு, அதன் அகத்தடையின் ஏறக்குறைய இருமடங்கான சுமையைப் பொறியியலாளர் தெரிந்தெடுத்தனர். கூடிய வலுவோடு குறைந்த ஒலிச்சிதைவும் வேண்டுமன்றோ?

1927இல் ஹரல்ட் பிளாக் எதிர்ப்பின்னூட்டல் முறையைக் கண்டார். வெளியீட்டின் ஒரு பகுதியை எதிர்முகமாக உள்ளே திருப்பிப் பிழையைத் தானே திருத்தச் செய்யும் முறை அது. வில்லியம்சன் என்பார் 1947இல் வயர்லெஸ் வேர்ள்ட் இதழில் வெளியிட்ட பெருக்கி, இம்முறையை வீட்டு இசைக்கு உகந்ததாக்கிப் புகழ்பெற்றது. இதனாற் பெருக்கியின் வெளியீட்டுத் தடங்கல், ஒலிபெருக்கியினதில் ஒரு சிறு பங்காய்க் குறைந்தது. அதன் நன்மை யாதெனில், குறி நின்றபின்னும் ஆடமுனையும் கூம்பு, தான் பிறப்பிக்கும் மின்னோட்டத்தாலேயே கடிவாளமிடப்பெறும். தாழ்சுரம் தெளிவுறும்.

1956இல் அமெரிக்காவில் லின் என்பார் வெளியீட்டு மின்மாற்றி வேண்டாத டிரான்சிஸ்டர்ப் பெருக்கியை விளக்கினார். அவ்வழி பரவியபின் இருபுறத்துக்கும் இடையே நின்ற தரகர் அகன்றார். பொருத்தம் பார்க்கும் பொறுப்போ வீட்டுக்காரர் கைக்கு வந்தது.

ஆதலின், பெருக்கியில் 8 ஓம் என எழுதியிருப்பது அதன் சொந்தத் தடங்கல் அன்று. அது தாங்கவல்ல துணையின் அளவு. இரு 8 ஓம் ஒலிபெருக்கிகளைப் பக்கம்பக்கமாக ஒரே முனைகளில் இணைத்தால் 4 ஓமாகிவிடும். 8 ஓமுக்குக் குறையலாகாது என்று விதிக்கப்பட்ட டிரான்சிஸ்டர்ப் பெருக்கி, அப்போது மிகை மின்னோட்டத்தாற் சூடேறிக் கெடலாம். வால்வுப் பெருக்கிக்கு நேரும் ஆபத்து வேறு. இசை ஓடும்போது ஒலிபெருக்கியைக் கழற்றினால், மின்மாற்றியில் உயரழுத்தம் எழுந்து காப்புறையைத் துளைத்துவிடலாம். அதில் 4, 8, 16 எனத் தனித்தனி முனைகளிருப்பின், ஒலிபெருக்கியின் எண்ணுக்குரிய முனையையே நாடுக.

ஒரு விதியைக் கற்றால் மட்டும் போதாது. எந்த நிலையில் அது பொருந்தும் என்பதையும் உடன் கற்றல் வேண்டும். யாக்கோபியின் விதி பொய்யன்று. அதன் நிபந்தனையை மறந்தமையே பிழை. ஒலிபெருக்கியின் பின்புறத்து எண்ணும் அவ்வாறே. அது எதனைக் குறிக்கின்றது என்றறிந்து இணைப்போர்க்குக் கருவியும் நிலைக்கும், இசையும் இனிக்கும்.