லான்வுதின்: நீருள் மறைந்த ஒரு கோயிற்பற்றின் வரலாறு

கோயிற்பற்றொன்றின் வரலாறு பெரும்பாலும் அதன் தேவாலயத்தினதும் நிலப்பிரபுக்களினதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அந்நிலத்தை உழுதோர் அதில் இடம்பெறுவது அரிது. வேல்ஸ் நாட்டின் மொன்ற்கொமரிப் பகுதியில், வேர்ன்வி ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்த லான்வுதின் என்னும் சிறு கோயிற்பற்று இதற்குத் தக்க உதாரணமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிவர்பூல் நகரம் துறைமுக வணிகத்தாற் பெருகியது. 1832இலும் 1849இலும் அங்கு பரவிய கொலரா, நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த உழைப்பாளரையே பெரிதும் பலிகொண்டது. எனவே நகருக்குத் தூய நீர் தேவைப்பட்டமை மறுக்கமுடியாத உண்மை. 1880இல் பிரித்தானியப் பாராளுமன்றம் வேர்ன்வியை மறித்து நீர்த்தேக்கம் அமைக்க லிவர்பூல் மாநகரசபைக்கு அதிகாரம் வழங்கியது. 1888இல் நீர் தேங்கத் தொடங்கியது. தேவாலயம் ஒன்று, சிற்றாலயங்கள் இரண்டு, மதுச்சாலைகள் மூன்று, பண்ணை வீடுகள் பத்து, ஏனைய வீடுகள் முப்பத்தேழு ஆகியன அழிந்தன. 1892இல் அந்நீர் லிவர்பூலைச் சென்றடைந்தது.

இங்கு எழும் வினா, நகருக்கு நீர் வேண்டுமா என்பதன்று. அதனைத் தீர்மானித்தவர் யார் என்பதே. அப்பகுதியின் பெருநிலவுடைமையாளர் பொவிஸ் பிரபு. 1881இல் அணைக்கு அடிக்கல் நாட்டியவரும் அவரே. நிலத்துக்கு விலை பேசும் உரிமை உடைமையாளருக்கே உரியது. தலைமுறைகளாகப் பயிரிட்ட குத்தகைக் குடியானவருக்கு அன்று. கிராமப்புறக் கூலி விவசாயிகள் வாக்குரிமை பெற்றது 1884ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டத்தாலேயே. அதாவது, ஊரை மூழ்கடித்த சட்டம் நிறைவேறியபோது அவ்வூரின் உழைப்பாளருக்கு வாக்குரிமை இல்லை.

மாநகரசபை புதிய ஊரையும் தேவாலயத்தையும் கட்டியது. இறந்தோரின் எச்சங்களும் புதிய இடுகாட்டுக்கு மாற்றப்பட்டன. பழைய ஊரின் வீடுகளை இழந்தோர்க்கு வீடு கிடைத்தது; ஆயின் அவர்தம் வாழ்வுக்கு ஆதாரமான பள்ளத்தாக்கு கிடைக்கவில்லை.

இதே லிவர்பூல் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வேல்ஸின் கப்பெல் கெலின் கிராமத்தையும் கையகப்படுத்தி, 1965இல் அங்கு நீர்த்தேக்கத்தைத் திறந்தது. வேல்ஸ் உறுப்பினர் ஒருவரேனும் அச்சட்டத்துக்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. எனினும் அது நிறைவேறிற்று. வாக்குரிமை பெற்றபின்னரும் முடிவெடுக்கும் அதிகாரம் அம்மக்களிடம் வரவில்லை. 2005இல் லிவர்பூல் நகரசபை கப்பெல் கெலின் தொடர்பாக மன்னிப்புக் கோரியது.

இதனைத் தேசிய இன ஒடுக்குமுறையாக மட்டும் காண்பது போதாது. லான்வுதினில் வேல்ஸ் மக்களது நிலம் அவர்களதாக இருக்கவில்லை என்பதே அடிப்படையான உண்மை. நகரத் தொழிலாளியின் தாகமும் கிராமத்துக் குடியானவரின் இழப்பும் ஒரே சமுதாய அமைப்பின் இரு விளைவுகள். அவ்விரண்டையும் ஒருங்கே நோக்கும்போதே இச்சிறு கோயிற்பற்றின் வரலாறு முழுமைபெறும்.