தோர்ணக்கலும் சபை வளர்ச்சி ஆய்வும்

சபை வளர்ச்சி என்னும் பாடம் அமெரிக்க நாட்டில் தோன்றி நம் இறையியல் கல்லூரிகளுக்கு வந்து சேர்ந்தது என்றே மாணவர் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது இந்தியக் கிராமங்களில் பிறந்து, கடல் கடந்து சென்று, வேறு உடை தரித்துத் திரும்பி வந்த ஒன்றாகும். அத்துறையை நிறுவிய டொனால்டு மெக்காவ்ரன் 1897-இல் மத்திய இந்தியாவிலுள்ள தமோ என்னும் ஊரில் பிறந்தவர். அவரது சிந்தனையைத் தூண்டியதோ, மெதடிஸ்டு திருச்சபையைச் சார்ந்த வாஸ்கம் பிக்கட், இந்தியாவில் நிகழ்ந்த வெகுமக்கள் இயக்கங்களை ஆராய்ந்து 1933-இல் வெளியிட்ட நூலாகும்.

அவ்வாய்வுக்குப் பின்னணியில் ஒரு பழைய குற்றச்சாட்டு இருந்தது. கூட்டங்கூட்டமாகச் சபையில் சேர்ந்தோர் வயிற்றுப் பசிக்காகவே வந்தனர் என்று வெளியாரும், சில வேளைகளில் அருட்பணியாளரும், ஏளனம் பேசினர். ஓங்கோலில் பணியாற்றிய பாப்டிஸ்டு அருட்பணியாளர் ஜான் கிளவ் இதற்கு அஞ்சியே, பெரும் பஞ்சத்தின்போது, தாம் நிவாரணப் பணி நடத்திய காலமெல்லாம் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். பணி முடிந்த பின்னும் மக்கள் விலகிப் போகவில்லை. 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மாதிகர்.

பிக்கட்டின் குழுவினர் ஊர் ஊராகச் சென்று, 'நீர் ஏன் கிறிஸ்தவரானீர்?' என்று கேட்டனர். அதோடு நில்லாமல், கேட்கப்பட்டவர் இப்பொழுது எவ்வாறு வாழ்கிறார், ஆராதனைக்கு வருகிறாரா, கர்த்தர் கற்பித்த ஜெபத்தை அறிவாரா, மதுவை விட்டாரா என்றும் விசாரித்தனர். வந்த காரணத்தைக் காட்டிலும், வந்த பின் கிடைத்த போதனையும் மேய்ப்பும் ஒருவரது கிறிஸ்தவ வாழ்வை அதிகமாக நிர்ணயிக்கின்றன என்பதே அவர்கள் கண்ட முடிவு. குருத்துவப் பணிக்கு ஆயத்தமாவோர் இதைவிட முக்கியமான ஆய்வு முடிவொன்றைக் காண்பது அரிது என்பேன்.

மெக்காவ்ரன் 1955-இல் எழுதிய நூலும், 1970-இல் வெளிவந்த விரிவான நூலும் வேறொன்றை முன்னிறுத்தின. மக்கள் இன, மொழி, வகுப்பு எல்லைகளைக் கடக்காமலேயே கிறிஸ்தவராக விரும்புகின்றனர். ஆதலால் ஒத்த மக்களிடையே ஒத்த சபைகளை நாட்டுக என்பது அவரது கொள்கை. 1965 முதல் பாசடீனாவிலுள்ள புல்லர் கல்லூரி வழியாக இது உலகெங்கும் பரவிற்று. இந்தியச் சூழலில் வகுப்பு எல்லை என்பது சாதியே அன்றி வேறென்ன? ஆசிரியர் தயங்கி எழுதிய இடங்களைக்கூட அவரைப் பின்பற்றியோர் தயக்கமின்றிப் போதித்தனர்.

இங்கேதான் தோர்ணக்கல் வரலாறு நமக்கு உதவுகிறது. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, இந்திய மிஷனெரி சங்கத்தின் பணியாளராகத் தெலுங்கு நாட்டிற்குச் சென்றார். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். மாட்டுவண்டியில் கிராமங்களைச் சுற்றிய அவர், ஞானஸ்நானம் பெறுவோர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, சுவிசேஷத்தை அறிவியாவிட்டால் தமக்கு ஐயோ என்று அறிக்கையிடும்படி செய்தார். அவரது இறுதி ஆண்டுகளில் அத்திருமண்டலத்தின் கிறிஸ்தவர் இரண்டு லட்சத்தைக் கடந்திருந்தனர். அவர்களுள் மாலரும் உண்டு, மாதிகரும் உண்டு. இவ்விரு பிரிவினரும் ஒருவர் கிணற்றில் ஒருவர் நீர் மொள்ளாதவர். இவர்களை ஒரே பந்தியில் அமர்த்துவது தம் பணியின் கடினமான பகுதி என்பதைப் பேராயர் நன்கறிந்திருந்தார். எனினும் தனித்தனிச் சபை என்னும் எளிய வழியை அவர் நாடவில்லை.

பின்பு, 1930-ஆம் ஆண்டையொட்டி, எவரும் திட்டமிடாத ஒன்று நிகழ்ந்தது. நிலமுடைய சாதியினர் ஆயிரக்கணக்கில் சபையை நாடினர். காரணம் கேட்டபோது, தங்கள் வயல்களில் உழைத்த மாலர், மாதிகருடைய வாழ்வில் உண்டான மாறுதலையே பலர் சுட்டினர். தாழ்ந்தோரைச் சேர்த்தால் உயர்ந்தோர் வாரார் என்று முந்திய தலைமுறை அருட்பணியாளர் பலர் அஞ்சியதற்கு இது நேர் எதிராயிற்று. ஒத்தாரோடு ஒத்தாராகவே சபை வளரும் என்னும் கொள்கை, மக்கள் எவ்வழியாக உள்ளே வருகின்றனர் என்பதை ஓரளவு விளக்கும். இந்நிகழ்ச்சியை விளக்கப் போதாது. எல்லைக்கு அப்பாலிருந்தே இவர்களுக்குச் சாட்சி கிடைத்தது.

இதனால் தோர்ணக்கலை மாசற்ற முன்மாதிரியாகக் காட்டுவது வரலாறு ஆகாது. அசரியா 1945 ஜனவரி முதல் நாளில் மறைந்தார். மாலர், மாதிகர் பூசல் அவரோடு மறையவில்லை; தெலுங்குத் திருச்சபைகளின் தேர்தல்களில் அது இன்னும் தலைகாட்டுகிறது. நம் தமிழ்த் திருமண்டலத் தேர்தல்களை அறிந்தோர் இதைக் கேட்டு வியப்படையார். ஆய்வுக்கெனக் கிராமச் சபைக்குச் செல்லும் மாணவர் முதலில் கையில் எடுப்பது ஞானஸ்நானப் பதிவேட்டையே. எத்தனை பேர், எந்த ஆண்டு என்பதை அது சொல்லும். திருவிருந்தில் யார் யாருக்குப் பின்னால் நின்றனர், எந்தத் தெருவிற்கு ஆயர் செல்லாது விட்டார் என்பவற்றை அத்தெருக்களின் முதியோரிடந்தான் கேட்டறிய வேண்டும்.